நனைத்து வைத்த தரை

எங்கள் கல்லூரியில் காலநிலை மாற்றம் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பாடம். இயற்பியலிலிருந்து நானும் பொருளாதாரத்திலிருந்து ஒருவரும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. எல்லோருக்கும் பொதுவான பாடம் என்பதாலோ என்னவோ, அதற்கென்று வகுப்பறை கிடையாது. விலங்கியல் துறையினர் பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். சாமான்களில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. கண்ணாடிப் புட்டிக்குள் சுருண்டு கிடந்த ஒரு பாம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பூமி சூடாவதைப் பற்றி நான் பேசுவேன். பொருளாதாரக்காரருக்குப் பாம்பு ஆகாது. புட்டிக்குள் இருந்தாலும் ஆகாது. அவர் கதவோரம் நின்றே பாடம் எடுப்பார்.

அவருக்கு அந்தப் பாடமே அவ்வளவாக ஆகாது. நாமக்கல் பக்கத்துக்காரர், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு வருபவர். "ஏனுங்க மேடம், நம்மூருக்கு வெயில் என்ன இன்னிக்குத்தான் வந்துச்சுங்களா? எல்லாம் பழகிரும்" என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் யாருடைய கஷ்டத்தையும் 'பழகிரும்' என்று ஒரே சொல்லில் ஊதித் தள்ளிவிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து கணிதம் படிக்கும் ஒரு பெண் எங்கள் வகுப்புக்கு வந்தாள். ஆட்டையாம்பட்டி வழியாக இரண்டு பஸ் மாறி வருபவள், அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, எங்கேயோ பனிமலை உருகுவதைக் கணக்குப் போடுவதற்குப் பதில் அவள் அம்மா வேலை செய்யும் விசைத்தறிக்கூடத்தின் சூட்டை அளக்க முடியுமா என்று கேட்டாள். சிமென்ட் அட்டை போட்ட தாழ்ந்த கூரை. காற்று அடித்தால் நூல் காய்ந்து அறுந்துவிடும் என்று சன்னல்களைத் திறப்பதில்லை. போன கோடையில் அவள் அம்மா தறிமேலேயே இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறார். இன்னொரு தடவை விழுந்து கை தறிக்குள் போனால் என்ன ஆகும் என்பதுதான் அவள் பயம். கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்து, சூட்டை வெளியே தள்ள இரண்டு விசிறி வைத்துத் தரும்படி முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். அவரும் முடியாது என்று சொல்லவில்லை. "உங்க காலேஜ்ல அளந்து காட்டச் சொல்லு கண்ணு, அவ்வளவு சூடுன்னா செஞ்சு போடறேன்" என்றாராம்.

மாசி கடைசியில் அளக்க ஆரம்பித்தோம். சனிக்கிழமை மதியங்களில் நானும் அந்தப் பெண்ணும் போவோம். வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் சின்னக் கருவி ஒன்று என் கைப்பையில் இருக்கும். பஸ் ஏறும்போதே அவள் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவாள். சொல்லாமல் ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது.

வீட்டை அடுத்துத்தான் தறிக்கூடம். அவள் அம்மா அதன் வாசலிலேயே காத்திருப்பார். ஒல்லியான உடம்பு, தலைமுடியில் எப்போதும் பஞ்சுத் தூசி. "வாங்க டீச்சர், வெயில்ல வாரீங்களே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் நாலைந்து தறிகளை நிறுத்திவிடுவார்கள், பேசுவது காதில் விழ வேண்டுமே. தரை கழுவி விட்டிருக்கும், சன்னல்களில் சாக்கு தொங்கும்; விருந்தாளிக்காகச் சுத்தம், வெயிலுக்கு மறைப்பு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே நான் பயந்து போன அளவுக்குப் புழுக்கம் இல்லை. மூன்று சனிக்கிழமையும் கருவி ஏறக்குறைய ஒரே கணக்கைத்தான் காட்டியது. தறிக்கூடத்துக்குள் வெளியே இருந்ததைவிடச் சூடு குறைவு.

அளந்ததை மறைக்க முடியுமா? முதலாளியிடம் காட்டினோம். அவர் மனசார மகிழ்ந்தார். "பாத்தீங்களா, காலேஜே சொல்லிப்போட்டுது. நாங்கூட என்னமோன்னு பயந்துட்டனுங்க" என்று எங்களுக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் மோரைக் குடிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் காற்றின் ஈரம் எவ்வளவு என்று குறித்திருந்ததை உட்கார்ந்து பார்த்தேன். பொட்டு மழை இல்லாத பங்குனி. வெளியே உதடு வெடிக்கிற வறண்ட காற்று. உள்ளே மட்டும் ஆற்றங்கரை மாதிரி ஈரம். எங்கிருந்து வந்தது? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டாள். பேசப் பேச அவள் முகம் மாறியது. போனை வைத்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்.

நாங்கள் பஸ் ஏறிவிட்டோம் என்று தெரிந்ததுமே அவள் அம்மா குடங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். தரை முழுக்க ஊற்றி, கோணிச் சாக்குகளை நனைத்துச் சன்னலில் தொங்கவிட்டு, கூரைமேலும் குழாயைப் பிடித்து அடிப்பாராம். வீட்டுக்கென்று பிடித்து வைத்த தண்ணீர் அத்தனையும் எங்களுக்காகக் காலி. படித்த டீச்சர் வேர்த்து விறுவிறுத்து உட்காருவதை அவரால் பார்க்க முடியாது. நாங்கள் கிளம்பியதும் தரை காய்ந்துவிடும், நிறுத்திய தறிகளும் ஓடத் தொடங்கும். மற்ற ஆறு நாளும் அந்தப் புழுக்கம் அவருக்குத்தான். தனக்கு வரவிருந்த கீற்றுக் கூரையைத் தானே தண்ணீர் ஊற்றிக் கெடுத்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதே மூச்சில் அழுகையும் வந்தது.

மறுபடி அளந்தாக வேண்டும். முதலாளியும் ஒத்துக்கொண்டார். "ஆனா இந்தவாட்டி உங்ககூடப் பாடம் எடுக்கற சாரையும் கூட்டிட்டு வாங்க, ஆம்பளை ஒருத்தர் கூட இருந்தாச் சரியா இருக்கும்" என்றார். ஆம்பளை பக்கத்தில் நின்றால் கருவி வேறு கணக்குக் காட்டுமோ என்று வாய்வரை வந்தது. காரியம் ஆக வேண்டுமே என்று விழுங்கிக்கொண்டேன். பொருளாதாரக்காரர் வேண்டா வெறுப்பாகத்தான் கிளம்பினார்.

தண்ணீர் ஊற்றக் கூடாது, தறியை நிறுத்தக் கூடாது என்று மகள் கறாராகச் சொல்லியிருந்தாள். அம்மா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஊட்டுக்கு வந்தவங்களை இப்படியா வேக வெக்கறது?" என்று மகளிடம் முணுமுணுத்தார். பிறகு தறிக்குப் போய்விட்டார்.

எல்லாத் தறிகளும் ஓடின. சத்தம் காதை அடைத்தது. கூரையிலிருந்து இறங்கிய சூடு உச்சந்தலையில் கை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. கருவியில் எண் ஏறிக்கொண்டே போனது. நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தேன். பொருளாதாரக்காரர் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். "பழகிருச்சுங்களா சார்?" என்று கத்திக் கேட்டேன். அவர் பதில் சொல்ல எழுந்தார். எழுந்தவர் அப்படியே சாய்ந்து, நூல் சாக்குகளின்மேல் விழுந்தார்.

முதலில் ஓடி வந்தது அந்த அம்மாதான். தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நாந்தான் சொன்னனே, நாந்தான் சொன்னனே" என்று மகளைப் பார்த்து அழுதார். முதலாளிக்குக் கைகால் ஓடவில்லை. கார் வந்தது, இளநீர் வந்தது, ராசிபுரத்து டாக்டர்வரை போய்க் காட்டிக்கொண்டு வந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. எண் எவ்வளவு என்று முதலாளி அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அடுத்த வாரமே கூரைமேல் கீற்று ஏறியது. இரண்டு விசிறிகள் வந்தன.

எனக்கு சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். எப்படியோ காரியம் ஆயிற்று என்ற நினைப்போடு வகுப்புக்குப் போனேன். கூரை மாறியதற்கு முன்னும் பின்னும் அளந்ததை அன்று அந்தப் பெண் எல்லோருக்கும் விளக்க வேண்டும். பொருளாதாரக்காரர் வழக்கம்போல் கதவோரம் நின்றார். அவள் எண்களைக் கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? போன வெயிலுக்கு எங்கம்மா ரெண்டு வாட்டி விழுந்தாங்க. அதே எடந்தான். மூஞ்சில தண்ணி தெளிச்சு, 'ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வா'ன்னு அனுப்பிட்டாங்க. சார் ஒரு வாட்டிதான் விழுந்தாரு, கூரை வந்திருச்சு. எனக்கு சந்தோசந்தானுங்க. ஆனா இதை எந்தப் பாடத்துல எழுதறதுன்னு தெரியலைங்க."

வெப்பம் என்றால் என் பாடம். இதற்கு என் பாடத்தில் அலகு இல்லை. நான் கதவுப் பக்கம் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். 'பழகிரும்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

"இது எம் பாடத்துலதான் வரும், சாமி" என்றார் தலையை நிமிர்த்தாமலே. "எழுது."