அண்ணன் தேர்ந்தெடுத்த வருஷமும் ஆப்பிள் கலர் இஞ்சினும்

என் அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்தச் சிறப்பு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டையில் அண்ணன் படத்துக்குக் கீழே ஒரு குட்டி ரயில் இஞ்சினைப் பார்த்துவிட்டு, அச்சகத்தில் யாருடைய படத்தையோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சிலர் நினைக்கலாம். அச்சகத்தார் மேல் குற்றமில்லை. அந்த இஞ்சினில் ஒரு தவறு இருக்கிறது, அது மட்டும் உண்மை. அந்தத் தவறைச் செய்தவன் நான். பந்தியில் உட்காருமுன் படித்துவிட்டால் நல்லது. சாப்பிட்டுவிட்டு வந்து என்னைத் திட்டலாம்.

அண்ணன் வடக்கனந்தலில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவருக்கு எட்டு வருஷம் கழித்து நான் பிறந்தேன். அண்ணன் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் பெயிண்ட் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்த பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது. "பஸ்ஸோட சேத்து என்னையும் எட்த்துக்கினாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். புது கலர் முடிவாகி வருவதற்குச் சில மாதங்கள் ஆயின. அதுவரை பழைய கம்பெனி கலரிலேயே பஸ் ஓடியது. பெயரை மட்டும் அழித்துவிட்டு அரசுப் பெயரை எழுதச் சொன்னார்கள். அண்ணன் தன் கையால் தனியாக எழுதிய முதல் பெயர் அதுதான்.

ஓய்வு பெறும்வரை பணிமனையில் அவர் அடிக்காத கலர் இல்லை. எந்த பஸ் எந்த வருஷம் எந்த கலரில் ஓடியது என்பது அவருக்கு மனப்பாடம். கல்யாண ஆல்பத்தில் மண்டபத்துக்கு வெளியே ஒரு பஸ்ஸின் வால் தெரிந்தால் போதும், வருஷத்தைச் சொல்லிவிடுவார். எங்கள் மாமா ஒருவர் தம் வயதில் நாலைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை மாட்டிவிட்டது அவர் காதுகுத்துப் படத்தில் நின்ற சங்கராபுரம் பஸ்தான். மாமா இன்றைக்கும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார், மன்னிக்க வேண்டும்.

எனக்குக் கச்சிராயபாளையம் சாலையில் பெயிண்ட் கடை வைத்துக் கொடுத்தவர் அண்ணன். தன் மகள் மலரை நர்சிங் படிக்க வைத்து, இங்கிலாந்துக்கு வேலைக்கு அனுப்பினார். எல்லாம் ஒருவாறு நிலைக்கு வந்தபோது அண்ணி போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் பேச்சை விட்டுவிட்டார். தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருக்கும். நான் போனால் "வாடா" என்பார், கிளம்பினால் "சரி" என்பார். நடுவில் ஒன்றும் இருக்காது. எனக்குப் பயமாக இருந்தது. மலர் அவரைத் தன்னிடம் கூட்டிக்கொண்டு போய் மூன்று மாதம் வைத்துக்கொண்டாள்.

அங்கே பக்கத்து வீட்டில் ஆர்தர் என்றொரு பெரியவர் இருந்தார். வீட்டின் ஓர் அறை முழுக்க மாடல் ரயில் வைத்திருந்தவர். இவருக்கு அவர் பேச்சு புரியாது, அவருக்கு இவர் பேச்சு புரியாது. ஆனால் ஒரு வேகனில் கோணலாகப் போயிருந்த வெள்ளைக் கோடு ஒன்றை அண்ணன் பிரஷ் வாங்கி நேராக்கியதும் இருவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள் என்று மலர் சொன்னாள். ஆர்தர் கொஞ்ச நாளில் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ரயிலுக்கு இடமில்லை. தண்டவாளம், ரயில் பெட்டிகள், தனித்தனி அட்டைப்பெட்டியில் இன்னும் கலர் அடிக்காத ஆறு இஞ்சின்கள் எல்லாவற்றையும் அண்ணனிடமே கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். ஆறாவது அட்டைப்பெட்டியில் இருந்தது, அவருடைய அப்பா கரி அள்ளிப் போட்டு வேலை பார்த்த இஞ்சினின் மாதிரி. அப்பா வேலை பார்த்த காலத்தில் இருந்த அதே கலரில் அது ஓடுவதைத் தான் கண்ணை மூடுமுன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்துத் தலையாட்டிவிட்டு வந்தார்.

இப்படியாக, ரயில் இல்லாத கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் வடக்கனந்தல் மாடி அறைக்கு இங்கிலாந்து ரயில் வந்து சேர்ந்தது. அறை நடுவில் நீள மேஜை, மேஜையின் இந்த முனையில் ஜங்ஷன், அந்த முனையில் ஒரு மலை ஸ்டேஷன். ஆனால் தண்டவாளத்தைப் பூட்டியபிறகும் பல வாரம் ஒரு இஞ்சினுக்கும் கலர் அடிக்கவில்லை. புத்தகங்களிலிருந்து மலர் அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாண்ணா, பொம்ம ரயிலுக்கு இவ்ளோ யோசனையா? கடையில இருக்கற டப்பாவ எட்த்தாரேன், அடிச்சி வுடுங்க" என்றேன்.

"பொம்மையா இருந்தாலும் ஒரு வருசத்துல தாண்டா ஓடணும். நம்ம பழைய கம்பெனி பஸ்ஸயும் இப்ப வந்த பஸ்ஸயும் ஒரே ஸ்டாண்டுல நிறுத்தனா பாக்கறவன் சிரிக்க மாட்டான்?"

சிக்கல் என்னவென்றால், ஆர்தர் கொடுத்த இஞ்சின்கள் மூன்று வெவ்வேறு கம்பெனிகளுடையவை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கலர், ஒரு எழுத்து, ஒரு கோடு. ரொம்ப முந்தைய வருஷத்தை எடுத்தால், அப்போது கம்பெனிகள் தனித்தனியாக ஓட்டியதால், மூன்றும் ஒரே ஸ்டேஷனில் கலந்து நிற்பது பொருந்தாது. ரொம்பப் பிந்தைய வருஷத்தை எடுத்தால், அரசு எல்லாவற்றுக்கும் கரும்பச்சையோ கறுப்போ அடித்துவிட்டிருக்கும். ஆர்தர் அப்பாவின் கலர் போய்விடும்.

ஒருநாள் கடைக்கே போன் வந்தது. "கெடச்சிச்சிடா வருசம்!" அண்ணி போனபிறகு அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

நமக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த வருஷம், 1948, இங்கிலாந்தில் ரயில் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டதாம். புது கலர் முடிவாகும்வரை பழைய கம்பெனி கலரிலேயே இஞ்சின்கள் ஓடின. பெயரை மட்டும் மாற்றி எழுதினார்கள். "நான் மொத மொதல்ல எய்தன வண்டி மாதிரியே கீதுடா" என்றார். அன்று தட்டில் மிச்சம் வைக்கவில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எந்த இஞ்சின் எங்கே ஓடுவது என்பதை முடிவு செய்ய உதவியவர் அண்ணனின் சிநேகிதர், வெள்ளிமலை பஸ்ஸை நெடுங்காலம் ஓட்டிய டிரைவர் ராமசாமி. அவருக்கு இங்கிலாந்தைத் தெரியாது, மலையைத் தெரியும். மலை ஸ்டேஷனில் நின்ற பெரிய இஞ்சினைப் பார்த்ததும், "இம்மா நீட்டு வண்டிய யாருப்பா மேல ஏத்தனது? வளைவுல ரிவர்ஸ் எட்த்துக்கினே கெடக்கணும்" என்றார். அண்ணன் படங்களைப் புரட்டிப் பார்த்தார். அங்கேயும் மலைப் பாதையில் சின்ன இஞ்சின்களே ஓடியிருந்தன. ஆறில் பெரியவை இரண்டும் ஜங்ஷனோடு நின்றுவிட்டன. அடுத்தமுறை வந்தபோது ராமசாமி ஒரு பை நிறையச் சாமை உமி கொண்டுவந்தார். மேஜைமேல் இருக்கும் இங்கிலாந்து வயல்களில் இன்றைக்கும் கிடப்பது கல்வராயன் மலைச் சாமை உமிதான்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன். மற்ற ஐந்து பெட்டிகளின் மேலும் பச்சை, கறுப்பு என்று ஆர்தர் ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். ஆறாவதில் மட்டும் 'ஆப்பிள்' என்று எழுதியிருந்தார். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தார். பச்சை என்றால் பச்சை என்றுதான் எழுதியிருப்பாரே, ஆகவே இது வேறு கலர் என்று இருவரும் சேர்ந்து அறிவாளித்தனமாக முடிவு செய்தோம்.

"மலரு கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமாடா?" என்றார்.

"ஆப்பிள் கலர் இன்னான்னு கேட்டா அது சிரிக்கும்ணா. இருவது வருசமா பெயிண்ட் விக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்றேன்.

பஸ் ஸ்டாண்டு பழக்கடையில் ஒரு ஆப்பிள் வாங்கி, தோலையும் கலரையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிவப்பைக் கலந்து கொடுத்தேன். ஒரு குறை சொல்ல முடியாத சிவப்பு. பணிமனையில் பல வருஷம் பெயிண்ட் புகையைச் சுவாசித்ததில் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. ஸ்பிரே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாம் கைப் பிரஷ். மூன்று கோட் அடித்து, கறுப்பு வெள்ளைக் கோடு இழுத்து, நிலக்கரிப் பெட்டியில் புதுப் பெயரை எழுதினார். வீடியோ எடுத்து மலருக்கு அனுப்பினோம். அவள் அதை முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போய் ஆர்தரிடம் காட்டினாள்.

ஆர்தர் இருமல் வரும்வரை சிரித்தாராம். அவர்கள் ஊர் ரயில்காரர்கள் ஆப்பிள் என்று கலரைச் சொன்னால் அது பச்சை. நம் ஊர்க் கடைக்கு வரும் ஆப்பிள் சிவப்பு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் ஊரில் அது பச்சை என்று எங்களுக்குத்தான் எப்படித் தெரியும்?

அவர் சிரித்தது கேலியாக இல்லை என்று மலர் பத்து முறை சொன்னாள். அண்ணன் காதில் ஏறவில்லை. வாழ்நாளில் கலரில் பிசகாத மனிதர். என்னை ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இஞ்சினைப் பெட்டியில் வைத்து மாடி அறையைப் பூட்டினார். மறுபடியும் "வாடா", மறுபடியும் "சரி". தட்டில் பாதி மிச்சம். இரண்டு வாரம் இப்படிப் போனது. அங்கே ஆர்தருக்கும் உடம்பு சரியில்லை என்று மலர் சொன்னாள். வாக்கும் போச்சு, அண்ணனும் போய்விடுவார் போலிருக்கிறதே என்று நான் கடையில் உட்கார்ந்து தவித்தேன்.

ஊரில் புதிதாகத் திறந்திருந்த சூப்பர் மார்க்கெட்டில் பச்சை ஆப்பிள் இருக்கிறது என்று என் மனைவிதான் சொன்னாள். ஒன்றை வாங்கிப்போய் அண்ணன் முன்னால் வைத்தேன்.

"இன்னாடா இது, காயா?"

"பழந்தாண்ணா. அவங்க ஊரு ஆப்பிளு. தப்பு பண்ணது நான், நீங்க சோறு துன்னாம கெடந்தா இன்னா அர்த்தம்?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கடி கடித்தார். முகம் சுருங்கியது. "இந்தப் புளிப்புக்கா என்னை இந்தப் பாடு படுத்தனாங்க?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மலரைப் போனில் கூப்பிடச் சொன்னார்.

"மலரு, அந்த வருசம் புது கலர முடிவு பண்றதுக்கு மின்ன சாம்பிள் வண்டி வுட்டாங்களான்னு பெரியவர கேட்டுச் சொல்லும்மா."

சாம்பிள் வண்டி பணிமனையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். புது கலர் வரப்போகிறது என்றால், ஒரு பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கலர், அந்தப் பக்கம் ஒரு கலர் அடித்து வளாகத்தில் ஒரு சுற்று விடுவார்கள். அதிகாரிகள் பார்த்துவிட்டு ஒன்றைச் சொல்வார்கள். ஆர்தரிடமிருந்து பதில் வந்தது. ஆமாம், அந்த வருஷம் வெவ்வேறு கலர் அடித்த இஞ்சின்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். அதில் சிவப்பு இருந்ததாக நினைவில்லை. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யவும் தான் தயாராக இல்லை!

அண்ணன் அன்றே அறையைத் திறந்தார். ஆப்பிளில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பச்சையைக் கலந்தேன். இஞ்சினின் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டிப் பச்சை அடித்தார். மறுபக்கம் சிவப்பாகவே இருந்தது. மலர் வீடியோவைக் காட்டியபோது ஆர்தர் சிரிக்கவில்லையாம். போனை மார்போடு வைத்துக்கொண்டு, தன் அப்பா மத்தியானச் சாப்பாட்டை எந்த டப்பாவில் கொண்டுபோவார் என்று சொன்னாராம். பிறகு, அந்தச் சிவப்புப் பக்கத்தையும் காட்டச் சொல் என்றாராம்.

அதன்பின் அண்ணன் இரண்டரை வருஷம் இருந்தார். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக வம்பு பேசி இருந்தார். கடைசி மாதம் மூச்சு வாங்கத் தொடங்கியது. சின்னசேலத்திலிருந்து நம் ஊருக்கு ரயில் பாதை போடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஜல்லிக் குவியலைக் காட்டிக் கேட்டார்.

"இன்னா கலர்ல வரும்டா?"

"தெரியலண்ணா."

"எந்த கலர்ல வந்தாலும் வருசத்த குறிச்சி வெச்சிக்க" என்றார். அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை காபி கேட்டார். காபி வருவதற்குள் உயிர் பிரிந்தது.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்து தோள் கொடுத்த ராமசாமி அண்ணனுக்கும், விடுப்பு எடுத்து ஓடிவந்த மலருக்கும், பணிமனைத் தோழர்களுக்கும், இரங்கல் சொல்லித் தன் கையால் கடிதம் எழுதிய ஆர்தர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆர்தர் நலமாக இருக்கிறார். வாரம் ஒருமுறை இஞ்சினைப் பார்க்காமல் விடுவதில்லை.

அட்டைப் படம் எடுப்பதற்காகப் போன மாதம் இஞ்சினின் பெட்டியைத் தேடி எடுத்தேன். ஆர்தர் பென்சிலால் எழுதிய ஆப்பிளுக்குக் கீழே, பஸ் போர்டு எழுதும் அதே கையெழுத்தில் அண்ணன் எழுதி வைத்திருந்தார்: "பச்சை, ஆர்தருக்கு. சிவப்பு, தம்பி கொடுத்தது. யாரும் அழிக்கக் கூடாது."

சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வாருங்கள், ரயில் ஓடும். ஜன்னல் பக்கம் நிற்பவர்களுக்குப் பச்சை தெரியும். கதவுப் பக்கம் நிற்பவர்களுக்குச் சிவப்பு தெரியும். நான் கதவுப் பக்கம் நிற்பேன்.