அடுப்போரம் வளர்ந்த பேடு

நெஸ்டர் கோவ்பெலின் கால்களைப் பற்றி ஸெலேனா ஊரில் இரண்டு கருத்துகள் இருந்தன. பனித்தரை ஹாக்கி ஆட்டத்தின் முதல் இரண்டு பகுதிகளில் கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியிலேயே அவற்றுக்கு நிகரான கோல் கீப்பர் கால்கள் கிடையாது. மூன்றாம் பகுதியில் அவை கால்களே கிடையாது, நட்டு வைத்த வேலிக்கம்பங்கள். இரண்டும் உண்மையாக இருந்ததுதான் சங்கடம்.

நெஸ்டருக்குப் பகலில் வெண்ணெய்ப் பண்ணையில் வேலை. வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. குற்றம் காலில் இல்லை, பேடில்தான் என்று அவர் சாதிப்பார். அதிலும் நியாயம் உண்டு. கோல் கீப்பர் காலில் கட்டும் அன்றைய பேடு என்பது குதிரைமுடியும் இலவம்பஞ்சும் அடைத்த தோல் மெத்தை. இடைவேளை விட்டால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் உடை மாற்றும் அறையின் இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மதத்தைக்கூட மாற்றிக்கொள்வார்களே தவிர, அந்த அடுப்பை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பேடில் அப்பிய பனி அங்கே உருகி உள்ளே இறங்கும். மூன்றாம் பகுதிக்கு எழும்போது நெஸ்டரின் ஒவ்வொரு காலிலும் ஒரு கன்றுக்குட்டி தொங்கும்.

ஊர் அணியை நடத்தியவர் ஹோட்டல்காரர் ஓனுஃப்ரி. அவருக்கு நியாயம் தேவைப்படவில்லை, வெற்றி தேவைப்பட்டது.

"யோவ் நெஸ்டர், சனிக்கிழமை ஹார்ப்பர் க்ரீக்கோட ஆட்டம். மூணாவது பகுதில மறுபடியும் கதவத் தொறந்து விட்டேன்னு வையி, பேங்க்குக்குப் புதுசா வந்திருக்கானே பின்ச்சு, அவன்தான் இனிமே கோல்ல நிப்பான்."

"நான் என்னைக்குய்யா கதவத் தொறந்தேன்?"

"தொறந்தியா? போன வாரம் கதவையே கழட்டி அவனுங்க கையில குடுத்து, பத்திரமாக் கொண்டு போங்கடான்னு வழியனுப்பி வெச்சியே!"

லெஸ்லி பின்ச்சிடம் புத்தம்புதிய பேடு இருந்தது. போதாததற்கு மரியாதையும் இருந்தது. எதிரே வரும்போதெல்லாம் தொப்பியைத் தூக்குவான். அப்படிப்பட்டவனை வெறுப்பது எவ்வளவு சிரமம் என்பது நெஸ்டருக்குத்தான் தெரியும்.

ஆனால் நெஸ்டரிடம் ஒரு யோசனை இருந்தது. போர்க்காலத்தில் கடலில் விழுந்த மாலுமிகளைக் காட்டுச்செடிப் பஞ்சு மிதக்க வைத்தது என்று எங்கோ படித்திருந்தார். தண்ணீர் குடிக்காத பஞ்சு! ஊரைச் சுற்றிய குட்டைகளில் சம்பங்கோரை தலைக்கு மேல் வளர்ந்து கிடந்தது. அதன் பழுப்புக் கதிர்களை இலையுதிர் காலத்திலேயே அறுத்து, கொட்டகையில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். ஓனுஃப்ரியின் மிரட்டல் அந்த மூட்டையை அவிழ்க்க வைத்தது.

அவர் மனைவி பரஸ்கா வருடந்தோறும் அதே பஞ்சில் தலையணை தைப்பவள். அவள் சொன்னாள்: "முழுக் கதிரா வெச்சுத் தைக்காத, நெஸ்டர். வெடிச்சு ஊதினப்பறம் எடுத்து வையி."

"ஊதின பஞ்சு மெத்துன்னு இருக்கும். முழுக் கதிருதான் கல்லு மாதிரி. உனக்குத் தலகாணி தெரியும், எனக்கு ஹாக்கி தெரியும்."

"சரி சரி. ஆனா அந்த நாறப் பேட வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாத, சொல்லிட்டேன்."

எனவே பேடு குளிர்ந்த கொட்டகையிலேயே உருவாயிற்று, குளிரிலேயே சோதிக்கப்பட்டது. நெஸ்டர் சுவரில் சாய்ந்து நிற்க, பரஸ்கா உருளைக்கிழங்குகளை எறிந்தாள். கொஞ்சம் தேவைக்கு அதிகமான உற்சாகத்தோடுதான் எறிந்தாள். பேடு எல்லாவற்றையும் தாங்கியது. எடையோ பழையதில் பாதிகூட இல்லை.

சனிக்கிழமை நடுவராக வந்தவர் டூகல், வேற்றூர்க் கால்நடை வைத்தியர். ஆட்டம் தொடங்குமுன் பேடுகளை அளந்தார். பத்து அங்குல அகலத்துக்கு மேல் கூடாது என்பது விதி. பத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. போகலாம் என்று தலையசைத்தார்.

முதல் பகுதியில் நெஸ்டர் பறந்தார். இரண்டாம் பகுதியில் ஒரே ஒரு கோல் விட்டார். ஸெலேனா இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்றது. இடைவேளைகளில் வழக்கப்படி அடுப்போரம் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தார். பனி உருகித் தோலின் மேல் வழிந்தது, உள்ளே இறங்கவில்லை. "ஒரு சொட்டு குடிக்கல பாரு!" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டார். தண்ணீர் குடிக்காத பஞ்சு வெப்பத்தைக் குடிக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கதிர்கள் அடுப்பைக் கண்டதும் வசந்தம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டன.

மூன்றாம் பகுதியில் நெஸ்டரைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. தாண்டுவதற்கு இடமே இல்லை. ஹார்ப்பர் க்ரீக் தலைவன் ரீட் மட்டையைத் தரையில் அறைந்தான்.

"டாக்டர்! முன்னாடி இவரு ரெண்டு காலுக்கு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது. இப்பப் பாருங்க, வெளிச்சமே இல்ல. அளந்து பாருங்க!"

டூகல் குனிந்து அளந்தார். பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நெஸ்டரை ஒருமுறை பார்த்தார், பேடை இருமுறை பார்த்தார். பிறகு அதைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"இது சினையா இருக்குய்யா," என்றார்.

ஆட்டக் கொட்டகையே அதிரச் சிரித்தது. நெஸ்டர் சிரிக்கவில்லை.

"பத்துக்குக் கொண்டா. இல்லன்னா ஆட்டம் அவங்களுக்கு," என்றார் டூகல்.

ஆட்டக் கொட்டகையின் மாடிச் சமையலறையில் பிரோஹிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்த பரஸ்காவைக் கூப்பிட்டார்கள். மாவுக் கையோடு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். முன்பே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. அதுதான் நெஸ்டருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"கொஞ்சமா ஒரு பிடி எடு, போதும்," என்றார்.

"கொஞ்சமாங்கிறது இதுகிட்ட கெடையாது, நெஸ்டர்," என்று சொல்லித் தையலை வெட்டினாள்.

இலவு காத்த கிளிக்குக்கூட ஒரே ஒரு காய்தான் வெடித்தது. இங்கே ஒரு குட்டையே வெடித்தது. பேடிலிருந்து புறப்பட்ட பஞ்சு விளக்கு வரைக்கும் எழுந்து, நிதானமாக எல்லாத் தலைகள் மேலும் இறங்கியது. பக்கத்துக் கொட்டகையில் பனித்தரையில் கல்லைச் சறுக்க விட்டு, அதன் வழியைப் பெருக்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள் அதே துடைப்பங்களோடு உதவிக்கு ஓடிவந்தார்கள். அவர்கள் பெருக்கப் பெருக்க அது இன்னும் மேலே போயிற்று. கடைசியில் ஈரச் சாக்கை இழுத்துத்தான் தரையைத் துடைக்க முடிந்தது.

நெஸ்டர் காலில் வெறும் தோல் தொங்கியது.

"பின்ச்சு, பேட மாட்டு," என்றார் ஓனுஃப்ரி. நெஸ்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. வலைக்குப் பின்னால் பனிமேட்டில் நின்று, கோல் விழுந்தால் கை தூக்க வேண்டிய பெரியவருக்குக் கண்ணெல்லாம் பஞ்சு. அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. யாரை நிறுத்துவது?

"நெஸ்டர் நிக்கட்டும்," என்றான் ரீட். "பின்ச்சு தோத்தா சந்தோஷப்படுற ஒரே ஆளு இந்த ஊர்ல அவருதான்."

டூகல் தலையசைத்தார். இப்படியாக, பதினைந்து வருடம் முன்னால் நின்று காத்த வலைக்குப் பின்னால் நெஸ்டர் போய் நின்றார்.

பின்ச் நன்றாகத்தான் ஆடினான். முதுகுப் பக்கமிருந்து பார்த்த நெஸ்டருக்கு அது இன்னும் நன்றாகவே தெரிந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ரீட் அடித்த ரப்பர் வட்டு பின்ச்சின் கால்களுக்கு நடுவே புகுந்து, கோல் கோட்டை நோக்கிச் சறுக்கியது. பின்ச் மல்லாந்து கிடந்தான். வட்டு கோட்டின் மேல் ஏறியது. அங்கே சாக்குக்குத் தப்பிய ஒரு பஞ்சுத் திரள் ஈரத்தில் உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வட்டு அதில் முட்டி, யோசித்து, நின்றது.

"கோல்!" என்று ஹார்ப்பர் க்ரீக் கத்தியது. டூகல் நெஸ்டரைப் பார்த்தார். கொட்டகையே பார்த்தது. கையைத் தூக்கினால் ஆட்டம் சமன், பின்ச்சின் பெயர் கெடும், அடுத்த சனிக்கிழமை யார் நிற்பது என்று ஓனுஃப்ரி யோசிக்க வேண்டிவரும்.

நெஸ்டரின் வலது கை லேசாக அசைந்தது. ஆனால் வட்டு முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல்; அதன் பாதி இன்னும் கோட்டுக்கு வெளியேதான் இருந்தது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"விழல," என்றார்.

ஸெலேனா ஜெயித்தது. எல்லாரும் பின்ச்சைத் தூக்கினார்கள்.

அடுப்போரம் பின்ச் பேடைக் கழற்றி, மூச்சு வாங்க, தண்ணீரைப் பிழிந்தான். "மிஸ்டர் கோவ்பெல், என்னங்க இது, எருமையக் கட்டித் தூக்குன மாதிரி இருக்கு! உங்களோடது அப்படி இல்லையே?"

"இல்ல தம்பி. வெடிச்சு ஊதின பஞ்சா வெச்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்," என்றார் நெஸ்டர். பிறகு, "பரஸ்காவக் கேளு. அவதான் தச்சுத் தரணும்," என்றார்.

ஓனுஃப்ரி பீர்க் குவளையை நீட்டிக்கொண்டு வந்தார். "நெஸ்டர், அடுத்த வாரமும் நீ வலைக்குப் பின்னாடியே..."

"தெரியும்யா. குடு அத."

பரஸ்கா தைத்த பேடு சில பருவம் உழைத்தது. பிறகு தொழிற்சாலைகள் வேறு எதையெதையோ அடைத்து விற்க, சம்பம்பஞ்சை எல்லாரும் மறந்தார்கள். அந்த வட்டார விதிப்புத்தகத்தில் மட்டும் ஒரு வரி வெகுகாலம் இருந்தது: ஸெலேனா கோல் கீப்பரின் பேடை அடுப்போரம் உட்காருவதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். அளக்கும் வேலையை நெஸ்டரிடமே கொடுத்திருந்தார்கள். ஒரு மயிரிழை கூடினாலும் அவர் விடமாட்டார்.