கால்வலிக் கடிதத்தின் பின்பக்கம்

போன வாரம் என் மகள் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். காதல் நாவல் போட்டியாம். "அம்மா, நீ ஏன் இதுக்கு அனுப்பக் கூடாது?" என்று கீழே ஒரு கேள்வி. நான் பரிசுத் தொகையைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விதிமுறைகளை இரண்டு தடவை படித்தேன். பழக்கதோஷம்தான். 'தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவும்' என்ற வரியைக் காணோம். தாளே வேண்டாம் என்றாகிவிட்ட பிறகு அந்த வரிக்கு என்ன வேலை? ஆனாலும் எனக்கு என்னவோபோல் இருந்தது. அந்த ஒரு வரியால் நான் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அடுத்த வீட்டில் இப்போது ஒரு கைக்குழந்தை இருக்கிறது. ஓமத் தண்ணீர் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. அந்த வாசனை வந்தால் போதும், கூடவே நீல மையின் வாசனையும் எனக்கு வந்துவிடும். ஏனென்றால் என் முதல் நாவலை எழுதியபோது மைக்கூடும் ஓமத் தண்ணீர்ப் புட்டியும் ஒரே மாடத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. ஒரு நாள் கைமாறி மைக்கூட்டை எடுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டு போய்விட்டேன்.

மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பூதலூரிலிருந்து நாலைந்து மைல் உள்ளே தள்ளி, என் புகுந்த வீடு. மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான், குழந்தை. ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்கு. சொந்தம் என்று சொல்ல வீடும் இரண்டு மாடும்தான். சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் நாவல் போட்டி அறிவித்திருந்தார்கள். பத்தாவது முடித்தவள் என்ற தைரியத்தில் நானும் எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்று சொல்வதே பாதிப் பொய். எல்லோரும் வயலுக்குப் போன பிறகு, பகலில், தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு எழுதுவேன். யோசித்தால் கால் நின்றுவிடும். கால் நின்றால் தூளி நிற்கும். தூளி நின்றால் குழந்தை விழித்துவிடும். அதனால் யோசிக்காமல் எழுதினேன். உங்கள் நடை தங்குதடையின்றி ஓடுகிறது என்று பிற்காலத்தில் ஒரு வாசகி கடிதம் போட்டாள். அதற்குக் கட்டைவிரல்தான் காரணம் என்று நான் பதில் எழுதவில்லை. "ஒங்கம்மாவுக்கு எம்மாம் பெரிய கடுதாசி எழுதுற!" என்று மாமியார் ஆச்சரியப்படுவார். நானும் ஆமாம் அத்தை என்று தலையாட்டி வைப்பேன்.

என் நாயகியின் பெயர் சுமித்ரா. திருவையாற்றில் ஆற்றங்கரைத் தெருவில் வீடு. மதகு கட்ட வந்த இன்ஜினீயர் மேல் அவளுக்குக் காதல். அவள் தலையில் எப்போதும் மல்லிகை இருக்கும், புடவை கசங்காது, தோளில் குழந்தை கக்கிய பால் வாடை அடிக்காது. என்னிடம் இல்லாததையெல்லாம் அவளுக்குக் கொடுத்திருந்தேன். பயம் ஒன்றைத்தான் கொடுக்கவில்லை. அது முழுக்க என்னிடமே இருந்தது.

பயம் எனக்கு மட்டும் என்றில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது. ஆட்சி மாறி, நிலத்தை யார் உழுகிறார்களோ அவர்கள் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் பதிந்துவிட்டால் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அதனால் பதிவதற்கு முன்பே நிலக்காரர்கள் வெளியேற்றிவிடப் பார்த்தார்கள். தஞ்சாவூரில் இருந்த நிலக்காரருக்காகக் காரியங்களைப் பார்க்கும் காரியக்காரர் வீடு வீடாக வருவார். நிலத்தை நானே மனமொப்பி விட்டுவிடுகிறேன் என்று எழுதிய தாளில் கைநாட்டு வாங்கிப் போவார். கிழக்கே சில ஊர்களில் அறுவடையில் கூலித் தகராறு, வெளியூர் ஆள் இறக்கினார்கள், போலீஸ் லாரி வந்தது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால், சுமித்ராவை மல்லிகையோடு விட்டுவிட்டுக் கதவிடுக்கில் போய் நிற்பேன்.

போட்டிக்குக் கடைசித் தேதி ஐப்பசியில் விழுந்தது. அடைமழை. பாதையில் முழங்கால் தண்ணீர். காலையில் கிளம்பினால்தான் பூதலூரில் தபால் கட்டுக்கு முன் சேர்க்க முடியும் என்று என் வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கோ கடைசிப் பக்கம் பாக்கி, தாளோ தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு தாள்! ஊர்க் கடையில் வெற்றிலை உண்டு, புகையிலை உண்டு, தாள் கிடையாது. மாமனாரின் தகரப் பெட்டியைத் திறந்தேன். நல்ல கெட்டித் தாளில் ஒரு பழைய கடிதம் இருந்தது. பின்பக்கம் காலி. முன்பக்கத்தில் முதல் நாலு வரியைப் படித்தேன். நிலக்காரர் எழுதியது. தமக்குக் கால்வலி அதிகம், நடக்க முடியவில்லை, நொச்சித் தழை ஒரு கட்டு கொடுத்தனுப்பு என்று போயிற்று. வலித்த கால் எப்போதோ சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விதிமுறையும் மீறவில்லை பாருங்கள். நான் ஒரு பக்கத்தில்தான் எழுதினேன். மறுபக்கத்தில் எழுதியது நிலக்காரர்.

மற்றப் பக்கங்களுக்கெல்லாம் கரட்டுப் பிரதி உண்டு. இந்தப் பக்கத்தை நேராகவே எழுதினேன். குழந்தை அழுகிறது, அவர் "ஆச்சா? ஆச்சா?" என்கிறார், மழை வலுக்கிறது. மதகடியில் சுமித்ரா அவனிடம் கடைசியாகப் பேசுகிற இடம். என் கை தானாக ஓடியது. முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. தாள்களைக் கட்டாகக் கட்டி, குழந்தைக்குப் போடும் ரப்பர் விரிப்பில் சுற்றிக் கொடுத்தேன். அவர் போனார்.

மூன்று வாரம் கழித்து, குத்தகைப் பதிவுக்கு விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. மாமனார் பதறவே இல்லை. "நம்மகிட்ட ஐயா கைப்பட எழுதுன கடுதாசி இருக்கு. வேற எவன்கிட்டயும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். எங்கள் பக்கத்தில் குத்தகையெல்லாம் வாய்ப்பேச்சுதான், ஒரு துண்டுச் சீட்டுகூடத் தர மாட்டார்கள். ஒரே ஒரு வருஷம், கால்வலியால் வர முடியாமல், நிலக்காரர் எழுத்தில் மாட்டிக்கொண்டார். நொச்சித் தழைக்குக் கீழே, நான் படிக்காமல் விட்ட வரி இது: 'வாய்க்கால் ஓரத்து ஒன்பது மாவையும் வழக்கம்போல் நீயே சாகுபடி செய்துகொள்.'

மாமனார் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். திரும்ப அடுக்கினார். மறுபடி கொட்டினார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு குடும்பத்தின் சோறு சென்னையில் ஏதோ ஒரு மேஜையில் காதல் கதையாகக் கிடக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? பால் சுரப்பது குறைந்துவிட்டது. குழந்தை மார்பை முட்டி முட்டி அழுதது. மாமியார் கண்ணேறு என்று நினைத்து மிளகாய் சுற்றிப் போட்டார். பால் ஊறும் என்று, கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வந்த பால்சுறாக் கருவாட்டை வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மாமனார் அரிவாளை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். எதிர்வீட்டுக் கோவிந்தசாமி காரியக்காரரின் தாளில் ஏற்கெனவே கைநாட்டு வைத்தவர். அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வெற்றிலைக்கு வருகிறவர். "அவன்தான் எடுத்துக் குடுத்திருக்கான். கேக்கிற விதத்துல கேக்கறேன்" என்றார். அரிவாள் கல்லில் உரசுகிற சத்தம் கேட்டதும் என் கால்கள் தாமாக நடந்தன. குழந்தையோடு போய் முன்னால் நின்றேன்.

"மாமா, அத எடுத்தது நான்."

"என்னாம்மா?"

"அதும் பின்னாடி கத எழுதி, மெட்ராஸுக்கு அனுப்பிட்டேன் மாமா. போட்டிக்கு."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அடி விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"திரும்பி வருமா?" என்றார்.

"எழுதிக் கேக்கறேன் மாமா."

'அனுப்பியவை திருப்பித் தரப்பட மாட்டா' என்பதும் ஒரு விதி. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆசிரியருக்கு எழுதினேன். போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன், பிரதியைத் திருப்பி அனுப்புங்கள், கடைசித் தாளின் பின்பக்கத்தில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது என்று நாலே வரி. நான் எழுதியதிலேயே ஒரு சொல்கூட மிகையில்லாதது அந்தக் கடிதம்தான். பிறகு காத்திருந்தேன். தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பாமல் போகும் ஒவ்வொரு நாளும் மாமனார் வாசலிலிருந்து எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போவார். அவர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

விசாரணை நாளும் வந்துவிட்டது. விடிந்ததும் மாமனார் தானே பூதலூர் தபாலாபீசுக்கு நடந்தார். பள்ளிக்கூடத்தில் விசாரணை. ஊரே கூடியிருந்தது. நான் குழந்தையோடு வேலியோரம் பெண்கள் பக்கம் நின்றேன். எங்கள் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் சேறு தெறித்த வேட்டியோடு வேகமாக வந்தார். கக்கத்தில் என் நாவல் கட்டு. கையில் அந்த ஒரு தாள். வழியிலேயே பிரித்து எடுத்திருக்கிறார். கட்டை என் பக்கம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கட்டின் மேல் ஒரு சீட்டு குத்தியிருந்தது: 'முதல் சுற்றில் தேர்வாகியிருந்தது. தாங்கள் கேட்டபடி விலக்கியுள்ளோம்.' அதைப் படித்து அழுவதா, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அதிகாரி கடிதத்தைப் படித்துத் தலையாட்டினார். காரியக்காரர் எழுந்து, "பின்னாடி திருப்பிப் பாருங்க சார். ஏதோ காதல் கதை எழுதியிருக்கு. இதப் போயி ஆவணம்னு கொண்டாந்திருக்கான், எல்லாம் ஜோடிச்சது" என்றார். படித்துக் காட்டும்படி அதிகாரி சொல்லிவிட்டார். காரியக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாடகத்துப் பெண் வேஷக்காரர்போல் குரலை இழுத்து ஆரம்பித்தார். சுமித்ரா என்ற பெயர் காதில் விழுந்ததுதான் தாமதம், என் குழந்தை வீறிட்டு அழுதது. அதுதான் சாக்கென்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடிவிட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் மாமனாரின் குரல் எழுந்தது.

"அது என் மருமவ எழுதுனதுங்க. கதைக்கு அவ பொறுப்பு. முன்பக்கம் இவுங்க ஐயா எழுதுனது, நெலத்த உழுவச் சொன்னதுக்கு ஐயா பொறுப்பு. ரெண்டயும் எழுதிக்குங்க."

அதிகாரி இரண்டு பக்கத்திலும் முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். மாமனாரின் பெயர் பதிவாயிற்று. அந்த ஒன்பது மா நிலம்தான் என் மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தது.

தாள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு வேறு நாவல்கள் எழுதினேன், அச்சிலும் வந்தன. முதல் நாவல் மட்டும் கடைசிப் பக்கம் இல்லாமல் கிடக்கிறது. மதகடியில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். சுமித்ரா என்ன சொன்னாள் என்பதுதான் போய்விட்டது. எத்தனையோ தடவை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அந்தக் காலத்துக் கட்டுகள் இப்போது இல்லை என்றார்கள். மாமனாரிடம் கேட்டபோதெல்லாம், "அத என்னக் கேக்கிறியேம்மா" என்று கூச்சத்தோடு எழுந்து போய்விடுவார். அவர் போனார். காரியக்காரர் போனார். அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் நின்று கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஊரே கேட்ட என் எழுத்தை நான் ஒருத்திதான் கேட்கவில்லை.

கடைசியாக மிஞ்சியவர் கோவிந்தசாமி. அவர் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"மாமா, அன்னைக்கு ஸ்கூல்ல படிச்சாங்களே, என்ன எழுதியிருந்திச்சு?"

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நல்லாருந்திச்சும்மா. மொதல்ல சிரிச்சோம். அப்பறம் எல்லாரும் கம்முனு ஆயிட்டோம். அந்தப் பொண்ணு தண்ணியப் பத்தி என்னமோ ஒண்ணு சொல்லிச்சு."

"என்ன மாமா சொன்னா?"

உதட்டைப் பிதுக்கினார். போன தை மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார்.