மூன்றாவது ஜோனில் மட்டும் குளிர்

குன்னூரில் வீடுகளுக்குச் சுடுதண்ணீர் ஹீட்டிங் லைன் போடுகிறவர்களில் என் பெயரைச் சொன்னால் ஹார்டுவேர் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போடுவார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். டீ ஃபேக்டரியில் ஸ்பேனர் பிடித்து, பார்த்துப் பார்த்தே பைப் வேலை கற்றேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். சம்பாதித்த பெருமையைச் சொல்லாமல் எதைச் சொல்வது?

அப்படிப்பட்ட எனக்கு ஒரு டிசம்பர் காலையில் போன் வந்தது. "மேஸ்திரி, உங்க பைப்பையெல்லாம் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க. நான் நாளைக்குக் கோயமுத்தூரு போறேன்."

பேசியது சிவகாமி டீச்சர். கணவர் இறந்தபின் குன்னூரில் தம்பி நடராஜன் வீட்டோடு வந்து இருப்பவர். அந்த வீட்டுக்கு நான் வேலை முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பழைய லைன்

என்னை முதலில் கூப்பிட்டது நடராஜன். அங்கே ஏற்கனவே ஹீட்டிங் இருந்தது, ஆனால் வீடு முழுக்க ஒரே வளையம். பாய்லரில் கிளம்பும் சுடுதண்ணீர், அறையைச் சூடாக்கச் சுவரோரம் வைத்த ஒரு ரேடியேட்டரில் நுழைந்து, வெளியே வந்து, அடுத்ததில் நுழையும். கடைசியில் இருந்த டீச்சர் அறைக்கு வரும்போது பாதி ஆறியிருக்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் பெட்டி ஒன்றே ஒன்று, ஹாலில். டீச்சர் போய்க் கூட்டுவார். நடராஜன் மனைவி ரேவதி வேர்க்கிறது என்று குறைப்பார்.

"குளிரைக்கூடத் தாங்கிக்கலாமுங்க," என்றார் நடராஜன். "இவங்க ரெண்டு பேரும் அந்தப் பொட்டிகிட்ட மாறி மாறிப் போயிட்டு வர்றதத்தான் தாங்க முடியல. அக்கா கோவிச்சுட்டுப் போயிட்டா ஊரு என்னையத்தான் பேசும்."

என் டிசைன்

வளையத்தைப் பிரித்தேன். பாய்லரிலிருந்து தடியாக ஒரு ஹெடர் பைப், அதிலிருந்து மூன்று ஜோன்: ஹால் முதலாவது, தம்பி குடும்பத்து அறைகள் இரண்டாவது, டீச்சர் அறை மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனி சப்ளை, தனி ரிட்டர்ன், தனி வால்வு, அந்தந்த இடத்திலேயே தெர்மோஸ்டாட். குளிர்ந்தால் அதுவே வால்வைத் திறக்கும், சூடு போதுமென்றால் மூடும்.

சப்ளையையும் ரிட்டர்னையும் நேராக இணைத்து நான் போட்ட பைபாஸ் பைப்பைப் பார்த்து, "இது எதுக்குங்க தண்டமா?" என்றார் நடராஜன்.

"பம்ப் மூணு ஜோனுக்குத் தள்றது. ஒண்ணு மட்டும் தொறந்திருந்தா மிச்சத் தள்ளு எங்கீங்க போகும்? ராத்திரி பூரா பைப்பு விசிலடிக்கும், நீங்க எந்திரிச்சு உக்காந்து கேக்கோணும்."

பைபாஸோடேயே வேலையை முடித்தேன். முதல் இரண்டு வாரம் டீச்சர் பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். பிறகுதான் அந்த போன்.

வால்வை மூடியது யார்

போனபோது கட்டிலில் டீச்சரின் சூட்கேஸ் பாதி நிரம்பியிருந்தது.

"காத்தால நல்லாத்தான் இருக்குது. பொழுது சாஞ்சாப் போதும், ரேடியேட்டரு ஜில்லுனு ஆயிருது. என் ரூமு மட்டும். யாரோ வால்வ மூடறாங்க. யாருன்னு நான் வேற சொல்லோணுமா?"

வாசலில் நின்ற ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏனுங்ண்ணா, அந்த வால்வு எந்தப் பக்கம் திருகறதுன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் சொன்னா அண்ணி நம்பறாங்களா?"

ரேடியேட்டரில் ஏர் எடுத்தேன், காற்றே இல்லை. வால்வு மோட்டார் சரி, பம்ப் சரி. பைப் கை சுடுகிற சூடு. சாயங்காலம் வருகிற வியாதியைக் காலையில் எப்படிப் பிடிப்பது? வேறு வேலையை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

பொழுது இறங்கியது. டீச்சர் முகம் கழுவி வந்து, சுவர் அலமாரியில் இருந்த கணவர் படத்துக்கு விளக்கேற்றினார். நான் பைப்பில் கை வைத்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பைப் ஆறத் தொடங்கியது. தலையைத் தூக்கினேன். விளக்குக்கு நேர் மேலே தெர்மோஸ்டாட். நான் மாட்டியபோது அந்தச் சுவர் காலி. அலமாரியை அதன்பின் அடித்திருக்கிறார்கள். விளக்குச் சூட்டை அறைச் சூடு என்று நினைத்து, அது வால்வை மூடிவிட்டது.

"டீச்சர், ஆளைப் பிடிச்சுட்டேனுங்க."

"அவதானே?"

"இல்லீங்க. உங்க ஊட்டுக்காரரு. அவருக்கு ஏத்தற வெளக்குத்தான் மூடுது." தெர்மோஸ்டாட்டைக் காட்டி விளக்கினேன்.

டீச்சர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கே உதைத்தது.

"உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான்," என்றார் கடைசியில். "மார்கழியில ஃபேனைப் போட்டு என்னைய நடுங்க வெச்ச மனுசன்."

முதலில் சிரித்தது ரேவதி. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அவரைப் பார்த்து டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆனா வெளக்க நகத்த மாட்டேன் மேஸ்திரி."

"நீங்க எதுக்கு நகத்தறீங்க? பொட்டிய நான் நகத்தறேன்."

எதிர்ச் சுவரில் நெஞ்சு உயரத்தில், ஜன்னல் காற்றும் படாத இடமாகப் பார்த்து மாட்டினேன். நான் ஸ்க்ரூ முடுக்கும்போது ரேவதி யாரும் சொல்லாமலே சூட்கேஸிலிருந்து சேலைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அந்தப் பச்சைச் சீலைய மேல் தட்டுல வை கண்ணு" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்த அறைக்கு எந்த சைஸ் பைப் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எங்கே விளக்கு ஏற்றுவார்கள், எங்கே இஸ்திரி போடுவார்கள் என்பதை அந்த வீட்டு ஆட்களைத்தான் கேட்க வேண்டும். இப்போதெல்லாம் அளவெடுக்கும் டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன்.