சிங்களத் தாளில் இட்ட கையெழுத்து

என் கணவர் இராணுவத்தில் இருந்தபோது கண்ணிவெடியில் பார்வையை இழந்தவர். மாம்புரியில் என் பெயரிலுள்ள காணியில், தகரக் கொட்டிலில் வசிக்கிறோம்.

போன மாதம் ஒருவர் வந்து, ஊனமுற்ற படைவீரர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லி, சிங்களத்தில் அச்சடித்த இரண்டு தாள்களை நீட்டினார். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வீடு என்றதும் முதல் தாளில் கையெழுத்திட்டுவிட்டேன்.

"கொஞ்சம் நில்லு," என்றார் கணவர். "தம்பி, அதுல ஈக்கிறத சிங்களத்திலயே வாசிங்க. ஆமியில பழகினது, எனக்கு வெளங்கும்."

"நேரமில்ல நானா, ரெண்டாவதுலயும் வெக்கச் சொல்லுங்க," என்று, கணவரை அண்ணன் முறை வைத்து அழைத்தபடியே, வந்தவர் தாளை இழுத்தார். நான் பயந்துபோய் இரண்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்தத் தாள்களோடு இருவரும் பஸ் ஏறி, அரசாங்க அலுவலகமான பிரதேச செயலகத்துக்குப் போனோம். உத்தியோகத்தர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது வீட்டு விண்ணப்பமில்ல தங்கச்சி. உங்கட காணிய விக்க இன்னொருத்தருக்கு அதிகாரம் குடுக்கிற கடதாசி."

நான் பதறி எழுந்துவிட்டேன். கணவர்தான் கையைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தார்.

படைவீரர்களுக்கான வீட்டுத் திட்டம் உண்மையாகவே இருக்கிறது என்று அங்கே தெரிந்தது; அதன் விண்ணப்பத்தைத் தமிழிலேயே நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் எந்தத் தாளையும், கொண்டு வந்தவரையே அவர் கேட்க முழுவதுமாக வாசிக்கவைத்த பிறகே பேனையைத் தொடுகிறேன்.