இடி விழுந்த பாறையும் என் திசைகாட்டியும்

1938 மாசியில் இரண்டு நாள் லீவு போட்டு, சொந்தச் செலவில் வத்தல்மலைக்குப் போய் வந்தேன். மலையழகு பார்க்க அல்ல. முந்தின வருஷம் அங்கே சர்க்கார் காட்டு எல்லையை அளந்த சர்வேயர் நான்தான். உத்தரவில் இருந்தது ஒரே வரி: மேட்டுப் பாறையிலிருந்து நேர் வடக்கு. நான் போட்ட கோட்டில் சின்னப்பன் என்ற மலைக்காரரின் சாமைக் கொல்லை முழுக்கக் காட்டுக்குள் போய்விட்டது. வருகிற ஆடியில் அவர் விதைக்கக் கூடாது.

சேலத்தில் கல்லூரி ஆசிரியரான என் நண்பர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். சில கரும்பாறைகள் குழம்பாக இருந்து ஆறும்போது அன்றைய வடக்கைக் காந்தம்போல் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். யுகக்கணக்கில் அது அப்படியே இருக்குமாம். இடி விழுந்தால் மட்டும், விழுந்த இடத்தில் பழசு அழிந்து வேறு திசை பலமாக ஏறிவிடுமாம்; மேலே வைத்த திசைகாட்டி முள்ளையும் இழுத்துவிடுமாம். கேட்ட அன்றே லீவு எழுதிக் கொடுத்தேன்.

ஏனென்றால் நான் அளக்க வந்த நாளிலேயே சின்னப்பன் மேட்டுப் பாறையைக் காட்டித் தடுத்திருந்தார். அது இடி விழுந்த பாறை, நாங்கள் அரிவாள்கூட அதில் தீட்டமாட்டோம், உங்கள் திசைகாட்டியை வைக்காதீர்கள் என்றார். மேசை மாதிரி தட்டையாக இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே வைத்தேன். படித்த திமிர், வேறென்ன.

தருமபுரியில் காலை ஆறு மணிக்கு மாட்டு வண்டி பிடித்தேன். அடிவாரம் வரை பன்னிரண்டு அணா. பிறகு நடைதான். ஆறு மைல் என்பார்கள், என் முழங்கால் பத்து என்றது. சின்னப்பன் முகம் சுளிக்காமல் களியும் மொச்சைக் குழம்பும் வைத்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பாறைமேல் திசைகாட்டியை முழத்துக்கு முழம் நகர்த்தி வைத்தேன். ஒவ்வோர் இடத்திலும் முள் ஒவ்வொரு பக்கம் திரும்பியது. நூறு அடி தள்ளி மண்ணில் நின்றால் எங்கே வைத்தாலும் ஒரே வடக்கு. அதை வைத்து மறுபடி கோடு பிடித்தோம். கொல்லை காட்டுக்கு வெளியே நின்றது.

தப்பு என்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு பிரதியை மேலதிகாரிக்கென்று எடுத்துக்கொண்டு, மற்றதை அவரிடமே கொடுத்தேன். காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, இதையும் அந்தப் பாறை மேல வெச்சு எழுதலீங்களே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

போகிறவர்கள் மாசியில் போங்கள். ஏற நாலு மணி நேரம் ஆகும், தண்ணீர் கையில் இருக்கட்டும். திசைகாட்டி கொண்டுபோனால் பாறையை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். அங்குள்ளவர் ஓர் இடத்தைக் காட்டி வேண்டாம் என்றால், சிரிப்பதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.

திருத்த உத்தரவு வர ஆவணி ஆகிவிட்டது. சின்னப்பன் என் காகிதத்தை நம்பி ஆடியிலேயே விதைத்துவிட்டிருந்தார்.