ஐதரசன் பாடமும் அண்ணன் எழுதிய அறிக்கையும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலர் எங்கள் அண்ணனைத் துணிச்சல்காரர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கூடப் பிறந்தவள் நான் அறிந்ததைச் சொல்கிறேன். அண்ணன் மிகவும் பயந்த சுபாவம் உள்ளவர்.

அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தார். அங்கே பிறந்தவர்களும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. அப்பா காலமானபோது அவருக்குப் பதினான்கு வயது. அம்மா கொழுந்தெடுத்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். ஆசிரியப் பயிற்சி முடித்த அண்ணன் ஹட்டனில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கச் சேர்ந்தார். என்னையும் அழைத்துவந்து அங்கேயே படிக்க வைத்தார்.

ஆய்வுகூடம் என்று பெயரளவுக்கு ஓர் அறை. பழைய டோர்ச் பெட்டரிகளின் உறையை வெட்டி நாகம் என்னும் துத்தநாகத் துண்டுகள் செய்வார். அதன் மேல் அமிலம் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு ஐதரசன் என்ற ஹைட்ரஜன் வாயு வரும். காற்று கலந்திருந்தால் நெருப்புப் பட்டதும் வெடித்துவிடும். ஆகவே சிறு சோதனைக்குழாயில் கொஞ்சம் பிடித்து, தூரமாகக் கொண்டுபோய்ப் பற்றவைப்பார். கீச்சென்று கத்தினால் காற்று இருக்கிறது. அமைதியாக எரிந்தால் சுத்தம். ஒவ்வொரு முறையும் அவர் நெற்றி வியர்ப்பதை முன்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி பார்வையிட வரவிருந்த வாரம் அது. ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். மணியடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. அன்று மட்டும் அண்ணன் அந்தச் சிறு குழாயைத் தவிர்த்துவிட்டு, நேரே குடுவையின் வாயில் நெருப்பை வைத்தார். குடுவைத் தாங்கியைப் பிடித்திருந்தவள் என் வகுப்புத் தோழி செல்வராணி.

குடுவை வெடித்தது. கண்ணாடியும் அமிலமும் அவள் முகத்தில் தெறித்தன. அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளிக்குழாய்க்கு ஓடினார். "கண்ணத் தொறம்மா, தொறம்மா" என்று கெஞ்சியபடியே வெகுநேரம் தண்ணீர் விட்டார். இரண்டு கண்களையும் கட்டி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பார்வை மீளுமா என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். நான் வாசலில் நின்றேன்.

"பிள்ளை அவசரப்பட்டு நெருப்புக் காட்டினவள் எண்டு அறிக்கையில எழுதும். இல்லாட்டி உம்மட வேலை போயிடும். பிரஜாவுரிமைக்கு வேற விண்ணப்பம் போட்டிருக்கிறீர்."

"நான்தாங்க ஐயா பத்த வச்சேன்."

"அது எனக்கும் தெரியும். யோசிச்சு எழுதும்."

அண்ணன் உண்மையைத்தான் எழுதினார். மை சிந்தியதால் இரண்டு தாள்கள் வீணாயின. மூன்றாவதில் கையெழுத்திட்டார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராணியின் தந்தையைப் பார்க்க அவர்கள் தோட்டத்துக்கு நடந்தோம். வழியில் மூன்று இடங்களில் நின்றுவிட்டார். "அவரு என்னைய அடிச்சாருன்னா நீ குறுக்க வராத தங்கச்சி" என்றார். லயத்து வாசலில் அவள் தந்தை முத்தையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எம்மகளுக்குக் கண்ணு தெரியுமா மாஸ்டர்?"

"தெரியலைங்க. எல்லாம் என் தப்புங்க. சோதிச்சுப் பாக்காம பத்த வச்சிட்டேன்."

முத்தையா கத்தியைக் கீழே வைத்தார்.

"அவ செஞ்ச வேலைதான்னு பள்ளிக்கூடத்துலருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. நான் செய்யலப்பான்னு புள்ள கட்டுக்குள்ளயே அழுதுச்சு. நானும் அவள நம்பலைங்க. இத நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க."

அன்றே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் எல்லோரும் கேட்க அண்ணன் சொன்னார். கட்டுப் போட்ட முகம் அவர் குரல் வந்த பக்கம் திரும்பியது. "அப்பா, கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். முத்தையா மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கட்டவிழ்த்தபோது இடது கண் தெளிவாகத் தெரிந்தது. வலது கண்ணில் மங்கல் தங்கிவிட்டது. பிறகும் அது தீரவில்லை. அண்ணனை ஒரு வருடம் கீழ்வகுப்புக்கு மாற்றினார்கள். பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு அவர் கண்மூடும்வரை பதிலே வரவில்லை. அந்த அறிக்கைதான் காரணமா என்று கேட்டால், "இருக்கலாம்" என்பார்.

மறுபடி விஞ்ஞான வகுப்பு கிடைத்த முதல் நாள் அதே பாடத்தைத்தான் எடுத்தார். குடுவையை ஈரச்சாக்கால் சுற்றி எங்களைப் பின்சுவரோரம் நிறுத்தினார். "எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கும் இருக்கணும்" என்றார். முதல் குழாய் கத்தியது. செல்வராணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டாவதும் கத்தியது. மூன்றாவது சத்தமின்றி எரிந்தது. அதன் பின்னும் நான்காவது ஒன்றைப் பிடித்துப் பார்த்த பிறகே குடுவைப் பக்கம் போனார்.

இவ்வாண்டு நெஞ்சு நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாட்களும் தாம் பிழைக்கமாட்டோம் என்பது அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. "பயமா இருக்கும்மா, எந்திரிச்சுப் போயிராத" என்றார். நான் போகவில்லை.

கொத்மலையிலிருந்து இறுதிவரை வந்துபோன சித்தப்பா குடும்பத்தார்க்கும், மருந்தோடு ஆறுதலும் தந்த தாதியர்க்கும், மழையில் பாடையைச் சுமந்த அண்ணனின் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. பயந்த ஒரு மனிதரை நீங்கள் யாரும் தனியாக விடவில்லை.

இப்படிக்கு,
அவருடைய தங்கை